இடது பக்கத்து சீட்

கோயம்புத்தூர்
9.6.2025

வெண்பா அப்பாவுக்கு,

இங்கே நானும் உங்கள் மகளும் சுகம். வெண்பாவுக்குக் கால்தான் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. இன்னும் பத்து நாளில் பிரசவம் இருக்கும் என்று டாக்டர் சொல்கிறார்.

நீங்கள் லாரி பார்சலில் போட்ட மூட்டை நேற்று வந்து சேர்ந்தது. புழுங்கலரிசி வந்தது. பிரசவ மருந்துப் பொடி வந்தது. நம் பீங்கான் யூனிட்டில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற பாஞ்சாலை இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூளும் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், என் பழைய சுங்குடிச் சேலையில் சுற்றி, ஏதோ ஒன்று கைக்குழந்தை மாதிரி படுத்திருந்தது. பிரித்துப் பார்த்தால் உங்கள் காரின் முறிந்த ஆக்சில்!

பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கிறார். “என்ன அத்தை, பிரசவத்துக்கு இதுவும் வேணுமா?” என்று கேட்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கிரீஸ் ஒட்டின அரிசியை அள்ளிப் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டேன். அதுவும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் கார் பேச்சை எடுத்தால் உங்கள் வாயில் ‘ம்’ என்பதைத் தவிர வேறு எதுவும் வராது. நான் கத்துவேன், நீங்கள் “சிக்னல் சரியில்ல” என்று வைத்துவிடுவீர்கள். வெண்பா இருக்கிற நிலையில் அவள் காதில் அதெல்லாம் விழ வேண்டாம். இப்படி வைத்துக்கொள்வோம்: போனில் பிள்ளை, சாப்பாடு, மாத்திரை. கார் பேச்சு முழுக்கக் கடிதத்தில். நிச்சயம் ஆன பிறகு எனக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினவர்தானே, எழுத வராது என்று சொல்லாதீர்கள்.

உங்களுக்கு மறந்திருந்தாலும் எனக்கு மாசி மாதம் மறக்கவில்லை. கம்மாபுரத்து நிச்சயதார்த்தத்துக்குப் போகிற வழியில் ஒரு சக்கரம் நம்மை முந்திக்கொண்டு ஓடியது. “யாரு டயருங்க அது?” என்று கேட்டேன். “நம்முதுதான்” என்றீர்கள். அப்புறம்தான் கார் என் பக்கமாக ரோட்டில் உட்கார்ந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கரையேறி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கே சொன்னேன், இனி அந்த வண்டியில் நான் உட்காரமாட்டேன் என்று. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். பழைய கார் வாங்குகிற புதுச்சேரிக்காரர் ஆசைப்பட்டு விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடுங்கள்.

சிந்தாமணி

ஆக்சிலைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. பால்கனியில் இருக்கிறது.


விருத்தாசலம்
14.6.2025

அன்புள்ள சிந்தாமணி,

அரிசியில் கிரீஸ் பட்டதற்கு நான்தான் பொறுப்பு. இரண்டு சுற்று துணி சுற்றியிருக்க வேண்டும். போனில் ‘ம்’ என்று சொல்வதும் பதில்தான். நீ ஒத்துக்கொள்ளமாட்டாய்.

ஒரு விஷயத்தை மட்டும் பொறுமையாகக் கேள். பால்கனிக்குப் போய் அந்த ஆக்சிலின் முறிந்த முகத்தைப் பார். பாதி கறுப்பாக இருக்கும், பாதி வெள்ளையாகப் பளபளக்கும். கறுப்பாக இருப்பது வருடக்கணக்காக உள்ளுக்குள் வளர்ந்த விரிசல். வெள்ளை மட்டும்தான் அன்றைக்குப் போனது. ஆகவே நான் வேகமாக ஓட்டினதால் முறிந்தது என்று உன் அண்ணனிடம் சொன்னாயே, அதைத் திருத்திச் சொல்லிவிடு.

அறுபது வயதை நெருங்குகிற வண்டி. நெய்வேலியில் வேலை பார்த்த யாரோ ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. அதைத் தயாரித்த காலத்தில் பின்சக்கரத்தைத் தாங்க ஒரே ஒரு வரிசைக் குண்டு வைத்த பேரிங்தான். சக்கரம் மாட்டுகிற நுனியில் ஆக்சிலைக் கூர்மையாக வெட்டிப் பள்ளம் போட்டிருப்பார்கள். விரிசல் ஆரம்பிப்பதே அந்த மூலையில்தான். இப்போது நல்ல இரும்பில், கூர்மூலை இல்லாமல் கடைந்து, பதம் போட்டு வாங்கலாம். இரட்டை வரிசைக் குண்டு வைத்து எண்ணெய் வெளியே வராமல் மூடின பேரிங் மெட்ராஸிலிருந்து வரவழைத்துவிட்டேன். அது உட்கார இரண்டு கூடு கடைய வேண்டும்.

நம் மங்கலம்பேட்டை மெக்கானிக் பக்கிரி, “நம்ம லேத்துல இந்த வேல நிக்காது அண்ணே, கோயமுத்தூருதான்” என்று கையை விரித்துவிட்டான். வெண்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே சாமிதுரை என்று ஒருவர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறாராம். மாப்பிள்ளைக்குத் தெரியும். இரண்டு பக்கத்து ஆக்சிலுக்கும் முறிந்ததே மாதிரி. அளவு அதேதான், இரும்பு மட்டும் வேறு. கூட்டுக்கு நானே அளந்து படம் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். போய்க் கொடுத்துவிடு.

நீ வருவதற்குள் வண்டி தயாராகிவிடும். ஒரே ஒரு தடவை ஏறி உட்கார். மாட்டேன் என்று அப்போதும் நீ சொன்னால் புதுச்சேரிக்காரருக்கே சாவியைக் கொடுத்துவிடுகிறேன். இரண்டே சீட் உள்ள வண்டி. ஒன்றைக் காலியாக வைத்துக்கொண்டு ஓட்ட எனக்கு மனசு வராது.

சிங்காரவேல்


கோயம்புத்தூர்
28.6.2025

பேத்தி பிறந்த தாத்தாவுக்கு,

போனில் பார்த்தீர்கள். நேரில் இன்னும் அழகாக இருக்கிறாள். மூக்கு உங்கள் மூக்கு, ஒன்றும் செய்ய முடியாது. கயல்விழி என்று பெயர் வைக்கலாம் என்கிறார்கள்.

நீங்கள் சொன்ன வேலையைச் செய்துவிட்டேன். நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக இல்லை, பால்கனியில் துணி காயப்போட இடம் வேண்டும். ஆக்சிலை அதே சேலையில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, “கோயிலுக்கு வேலுங்களாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சாமிதுரை நல்ல மனுஷர். முறிந்த முகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். “ஏனுங்கம்மா, இது இத்தன நாளு ஓடுனதே பெரிய விஷயமுங்க” என்றார். “நானும் அததான் சொல்றன்” என்றேன். கறுப்பு பாதி, வெள்ளை பாதி என்று நீங்கள் எழுதினதையே அவரும் சொன்னார். அண்ணனிடம் திருத்திச் சொல்லிவிடுகிறேன், போதுமா? உங்கள் படத்தை விரித்து, “யாருங்க போட்டது, அச்சடிச்ச மாதிரி இருக்குதுங்களே” என்று பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போகும்போதும் வரும்போதும் ஆட்டோ பள்ளத்தில் இறங்கின போதெல்லாம் என் உயிர் என்னிடம் இல்லை. பஸ்ஸிலும் அப்படித்தான். பக்கத்தில் சக்கரம் ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. அன்றைக்கு அடிபட்ட தோள் வலி சித்திரையிலேயே போய்விட்டது. இது போகவில்லை. கேலி செய்யாதீர்கள். அன்றைக்கு உங்கள் கையில் ஸ்டீயரிங் இருந்தது. என் கையில் பழத்தட்டு இருந்தது.

அப்புறம், என் ஆதார் நகலும் பாஸ்போர்ட் அளவு போட்டோவும் பீரோவில் இருக்கின்றன, அனுப்புங்கள். இங்கே ஒரு வேலைக்கு வேண்டும். என்ன வேலை என்று கேட்கக்கூடாது. மூட்டைக்கு அடியில் ஆக்சில் வைத்தபோது என்னிடம் சொல்லிவிட்டா வைத்தீர்கள்?

சிந்தாமணி


விருத்தாசலம்
19.7.2025

அன்புள்ள சிந்தாமணி,

ஆதாரும் போட்டோவும் வந்திருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ அனுப்பின பார்சல் திங்கட்கிழமை வந்தது. ஆக்சில் இரண்டும் அருமை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வரவில்லை. பாஞ்சாலைகூட வர்ணம் அடிப்பதை விட்டுவிட்டு வந்து தடவிப் பார்த்தாள்.

பேரிங் கூட்டைப் பற்றி என்னவென்று எழுதுவது! வயிறு எரிகிறது. பேரிங்கின் வெளிவட்டம் எழுபத்திரண்டு மில்லிமீட்டர். உன் சாமிதுரை கடைந்து அனுப்பின கூட்டின் உள்வட்டம் எண்பத்தொன்று! பேரிங்கை உள்ளே வைத்தால் உரலில் போட்ட கொட்டைப்பாக்கு மாதிரி உருளுகிறது. போல்ட் ஓட்டைகள் ஒன்றும் பொருந்தவில்லை. பக்கிரி பார்த்துவிட்டு, “அண்ணே, இது லாரிக்கு அடிச்ச கூடு அண்ணே, பார்சல் மாறியிருக்கும்” என்கிறான். மாறவில்லை, உருவம் நான் போட்டதுதான். அளவுதான் அவர் இஷ்டத்துக்கு.

பெரிய ஊர், பெரிய மெஷின், படத்தை அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று பாராட்டு வேறு. படத்தைப் பாராட்டினால் போதுமா, அதைப் படிக்க வேண்டாமா? நான் முப்பது வருடமாக ஃப்யூஸ் கட்டைக்கும் பொம்மைக்கும் அச்சு செய்கிறேன். மயிரிழை பிசகினது என்று யாரும் ஒரு பீஸைத் திருப்பி அனுப்பினது கிடையாது. நீ நேரில் போய் நன்றாகக் கேட்டுவிட்டு வா. உன் வாய்க்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

பழத்தட்டு என்று எழுதியிருந்தாயே. அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிங்காரவேல்


கோயம்புத்தூர்
25.7.2025

மயிரிழை பிசகாதவருக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேற்று காலையில் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நுழைந்ததும் நுழையாததுமாகப் பிடித்துக்கொண்டேன். “எங்க வூட்டுக்காரரு மயிரிழை பிசகாத ஆளு. நீங்க இப்படிப் பண்ணலாமாங்க?” என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கித்தான் நிறுத்தினேன்.

பாவம், அவர் உள்ளே போனார். படத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். “எண்பத்தொண்ணுன்னு போட்டிருக்குதுங்கம்மா. நானும் எண்பத்தொண்ணுதானுங்க கடஞ்சேன்” என்றார். பார்த்தேன். உங்கள் கையெழுத்துதான். எண்பத்தொன்று. உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். எழுபத்திரண்டு. போல்ட் வட்டம் படத்தில் தொண்ணூறு. உயரம் பதினெட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் கணக்குப் போட்டேன். அப்புறம் பிடிபட்டது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன்.

எட்டுக்கு ஒன்பது!

சாமிதுரை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவருக்கு விளக்கினேன். நம் களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். எட்டு அங்குலப் பிள்ளையார் வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு செய்தால்தான் சுட்டு வரும்போது எட்டாக இருப்பார். முப்பது வருடமாக எங்கள் வீட்டுக்காரர் கை எந்த அளவை எடுத்தாலும் அதைக் கூட்டித்தான் தாளில் வைக்கும். எழுபத்திரண்டை அளந்துவிட்டு எண்பத்தொன்று என்று எழுதியிருக்கிறார், அது அவருக்கே தெரியாது. இதைக் கேட்டதும் அவர் சிரித்தார், லேத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், மெஷினெல்லாம் நின்றுபோனது. “இரும்பு சூளைக்குப் போகாதுங்கம்மா” என்றார் ஒருவர்.

இரும்பு சூளைக்குப் போகாதுங்க, வெண்பா அப்பா!

நம் சமையலறைக் கதவு நிலைக்குள் நுழையாமல் வந்ததே, ஆசாரியைப் போட்டு அந்தப் பாடு படுத்தினீர்களே. அந்த அளவு கொடுத்தது யார்? வீட்டுக்கு வந்து சொன்னதும் வெண்பா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, சிரிக்க வெக்காதம்மா, வலிக்குது” என்கிறாள்.

சாமிதுரையிடம் உங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சரியான படம் அனுப்புங்கள். தபாலில் போடும் முன்னால் பாஞ்சாலையிடம் ஒருதரம் காட்டுங்கள்.

சிந்தாமணி


விருத்தாசலம்
1.8.2025

அன்புள்ள சிந்தாமணி,

உன் கடிதத்தை யூனிட்டில் வைத்துப் பிரித்தது என் தப்பு. படித்துக்கொண்டே இருந்த நான் திடீரென்று எழுந்து போய்க் கூட்டை அளந்து, பேரிங்கை அளந்து, தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பாஞ்சாலை பார்த்துவிட்டாள். “என்னாண்ணே, ஊருல எதுனா ஆயிப்போச்சா?” என்று பதறினாள். விஷயத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவளிடம் சொன்னால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்கச் சொன்ன மாதிரி. இன்று காலை டீக்கடையில் நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். கடைக்காரர் ஒன்பது டீ போட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

எப்படி நடந்தது என்று எனக்கே புரியவில்லை. பேரிங்கை அளந்தேன், தாளில் எழுதினேன். நடுவில் எதையாவது நினைத்ததாக ஞாபகமே இல்லை. கை பாட்டுக்கு எழுதியிருக்கிறது. சாமிதுரையைத் திட்டி எழுதின பக்கத்தைக் கிழித்துவிடு. இதோடு அவருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன்.

புதுப் படத்தைப் பாஞ்சாலையிடம் காட்டினேன். “இது பச்ச அளவா, சுட்ட அளவா?” என்று கேட்டாள். சுட்ட அளவு என்றேன். “அத எழுதுங்க மொதல்ல” என்றாள். படத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். சாமிதுரை சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

பழத்தட்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டில் நிற்கிற வண்டியில் ஏறி இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. கதவு இடுப்பு உயரம்கூட இல்லை. காலுக்கு அழுத்த ஒன்றுமில்லை, கைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. எதிரே ஒரு தகடு, அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்து தன் சக்கரம் முன்னால் ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். எனக்கும் வந்திருக்கும். கேலி செய்யவில்லை, சிந்தாமணி.

அந்தத் தகட்டில் ஒரு கைப்பிடி வைத்துத் தருகிறேன். நல்ல கெட்டியாக, இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி. அதற்கும் சுட்ட அளவுதான்.

சிங்காரவேல்


கோயம்புத்தூர்
16.8.2025

வெண்பா அப்பாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், குழந்தை விழித்துக்கொள்வாள். புதுக் கூடு இரண்டும் முந்தாநாள் பார்சலில் போட்டாகிவிட்டது. சாமிதுரை, கடையில் ஒரு பேரிங் வாங்கி வந்து என் கண்ணெதிரே உள்ளே வைத்துக் காட்டினார். சிக்கென்று உட்கார்ந்தது. உங்கள் கடிதத்தை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். “சுட்ட அளவு” என்று எழுதின படத்தை ஒர்க்ஷாப் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

இடது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அதை இரண்டு முறை படித்தேன். சந்தோஷமாக இருந்தது.

நான் சொன்னேனே ஒரு வேலை, தினமும் காலையில் வெயிலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் போய்விட்டு வந்துவிடுகிறேன். ஆரம்பத்தில் இடது கால் கெண்டைச்சதை பிடித்துக்கொண்டது, வெண்பாவுக்குத் தடவுகிற தைலத்தையே நானும் தடவிக்கொண்டேன். இப்போது பழகிவிட்டது. மாஸ்டர் திட்டுவதையும் குறைத்துவிட்டார்.

உங்கள் வண்டியில் ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் விழும்? மாப்பிள்ளை கேட்கிறார்.

சிந்தாமணி


விருத்தாசலம்
30.8.2025

அன்புள்ள சிந்தாமணி,

பிள்ளையார் சதுர்த்திச் சரக்கையெல்லாம் அனுப்பி முடித்து, போன வாரம் யூனிட்டுக்கு இரண்டு நாள் லீவு விட்டேன். பக்கிரி வந்தான். இரண்டு பேருமாகப் பின்பக்கத்தைப் பிரித்து, புது ஆக்சில், புதுக் கூடு, புது பேரிங் எல்லாம் ஏற்றிவிட்டோம். பேரிங்கைக் கூட்டின் வாயில் வைத்து மரக்கட்டையால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினதும் ஒரே சீராக உள்ளே இறங்கியது. பக்கிரி சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். “ஆடலியே அண்ணே!” என்றான். பழைய பேரிங் புதிதாக இருந்தபோதே கொஞ்சம் ஆடும். இது அசையவில்லை.

முதலில் எஸ்டேட்டுக்குள் ஓட்டினேன். அப்புறம் பக்கிரியை ஏற்றிக்கொண்டு மங்கலம்பேட்டை போய் வந்தேன். அவன் எடை போதாது, ஒல்லி. ஆகவே அடுத்த தடவை உன் சீட்டில் களிமண் மூட்டை வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு மூட்டையும், மேலே கொஞ்சமும். தினமும் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இறங்கினதும் சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். பேரிங் கெட்டால் கை வைக்க முடியாது, சுடும். இது டீ குடித்து வைத்த கிளாஸ் மாதிரி இளஞ்சூடாகத்தான் இருக்கிறது. கைப்பிடியும் மாட்டியாகிவிட்டது. பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், தாங்குகிறது.

கம்மாபுரத்துப் பெண்ணின் கல்யாணத்துக்கு நான் மட்டும் மொபெட்டில் போய் மொய் வைத்துவிட்டு வந்தேன். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். சக்கரத்தையும் கேட்டார்கள்.

புதுச்சேரிக்காரர் செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி வருகிறேன் என்று போன் செய்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே.

ரிவர்ஸ், கியரை அமுக்கி இடது கோடிக்குத் தள்ளி மேலே. மாப்பிள்ளைக்கு எதற்கு?

சிங்காரவேல்


கோயம்புத்தூர்
5.9.2025

களிமண் மூட்டையோடு ஊர் சுற்றுகிறவருக்கு,

ஒரு மூட்டை போட்டீர்கள், சரி. “மேலே கொஞ்சமும்” என்று எழுதத்தான் வேண்டுமா? நம் கல்யாணத்தின்போது அரை மூட்டைகூட இருக்கமாட்டேன். இந்தக் கொஞ்சத்துக்கு யார் காரணம்? சூளை வேலை முடிகிற வரை வீட்டுக்கு வராமல், ஆக்கின சோற்றையெல்லாம் என்னையே தின்ன வைத்தவர் நீங்கள்தான்.

பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சேலத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும், சாயங்காலம் விருத்தாசலம் ஜங்ஷன். மாப்பிள்ளையின் அம்மா இங்கே வந்துவிட்டார், குழந்தையைப் பார்த்துக்கொள்வார். விட்டு வருவதற்குத்தான் மனசு இல்லை. சிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஸ்டேஷனுக்கு மொபெட் எடுத்து வாருங்கள். கார் வேண்டாம். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன்: அந்த வண்டியின் இடது பக்கத்து சீட்டில் நான் உட்காரமாட்டேன். கைப்பிடி வைத்தாலும் சரி, கட்டில் போட்டாலும் சரி. நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதற்காக என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியாது. புதுச்சேரிக்காரர் வந்தால் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

சிந்தாமணி


விருத்தாசலம்
9.9.2025

அன்புள்ள சிந்தாமணி,

சரி. மொபெட்டோடு நிற்கிறேன். முன்னால் இருக்கிற புத்தகக் கடைப் பக்கம் வந்துவிடு.

வருத்தம் இருக்கிறது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். நீ நேராகச் சொன்னது நல்லதுதான். பயந்துகொண்டே உட்கார்ந்து வந்திருந்தால் எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். வண்டியைத் தேய்த்துத் துடைத்து வைத்துவிட்டேன். வாங்குகிறவருக்கு நல்லபடியாகக் கொடுப்போம். பின்சக்கரத்துக்கு இனி ஒரு குறையும் வராது. அந்தத் திருப்தி இருக்கிறது.

வீட்டில் பால்காரருக்குச் சொல்லிவிட்டேன், உனக்குப் பிடித்த முருங்கைக்கீரையும் வாங்கி வைக்கிறேன். நீ வந்தால் போதும். மூன்று மாதம் தனியாகச் சாப்பிட்டு வாய் செத்துவிட்டது.

சிங்காரவேல்


பெண்ணாடம்
19.9.2025, வெள்ளிக்கிழமை

வெண்பா அப்பாவுக்கு,

இது உங்கள் கைக்கு நாளைக்குத்தான் வரும். அதற்குள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் கார் பேச்சு கடிதத்தில்தான் என்று நாம் பேசிக்கொண்டோம் அல்லவா, அதை ஏன் மாற்ற வேண்டும்?

காலையில் நீங்கள் யூனிட்டுக்குக் கிளம்பும்போது, “பெண்ணாடத்துல சித்தி வூட்டுக்குப் போயிட்டு வரேன்” என்று சொன்னேன். “பஸ்ஸு கூட்டமா இருக்கும், பாத்துப் போ” என்றீர்கள். நான் பஸ்ஸில் வரவில்லை.

கோயம்புத்தூரில் காலையில் போன வேலை டிரைவிங் ஸ்கூல். ஆதாரும் போட்டோவும் அதற்குத்தான். கிளம்புகிற வாரம்தான் லைசென்ஸ் கைக்கு வந்தது. அந்த போட்டோவில் பார்க்கச் சகிக்காது, அப்புறம் காட்டுகிறேன். என் பயத்துக்கு என்ன மருந்து என்று நிறைய யோசித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சும்மா கையைக் கட்டிக்கொண்டிருந்ததுதான் பயம் என்று தோன்றியது. ஸ்டீயரிங்கைப் பிடித்த முதல் நாளே மாஸ்டரின் கத்தல்தான் எனக்குப் பயமாக இருந்தது, சக்கரம் ஞாபகமே வரவில்லை. உங்களிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால், “உனக்கு எதுக்கு இந்த வேல” என்றிருப்பீர்கள். இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

நீங்கள் தெரு திரும்பினதும் ஷெட்டைத் திறந்தேன். ரிவர்ஸ் நீங்கள் எழுதின மாதிரியே அமுக்கி, இடது கோடி, மேலே. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “யக்கா, நீயா ஓட்டற?” என்று எதிர்வீட்டு வீரம்மாள் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன், கண் ரோட்டில்தான், அவ்வளவு கவனம். ரயில்வே கேட்டில் இரண்டு தடவை வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தார். அப்புறம் சரியாகிவிட்டது. ஊர் தாண்டி, ரோடு நீளமாக வந்ததும் மூன்றாவது கியர் போட்டேன், கொஞ்ச தூரம் போய் நாலாவதும் போட்டேன். காற்றில் முந்தானை பறந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக, சத்தமாகச் சிரித்தேன்.

கண்ணாடியில் பின்சக்கரத்தை அடிக்கடி பார்த்தேன். அதன் இடத்திலேயே இருந்தது. ஒரு மினிபஸ்ஸையும் ஒரு டிராக்டரையும் தவிர எதுவும் என்னை முந்திக்கொண்டு போகவில்லை. இங்கே தபாலாபீஸ் எதிரே நிறுத்தி இறங்கினதும் நீங்கள் எழுதின மாதிரி சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடுதான். நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். நேரில் சொன்னால் ‘ம்’ என்பீர்கள், அதனால் எழுதிவிடுகிறேன்: எனக்கு உங்களை நினைத்து ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் கிளம்பிவிடுவேன். ஷெட் காலியாகக் கிடப்பதைப் பார்த்து நீங்கள் பதறுவதற்கு முன்னாலேயே நான் வந்து நின்றிருப்பேன். புதுச்சேரிக்காரருக்குப் போன் போட்டு, “வூட்டுல குடுக்க மாட்டேங்கறாங்க” என்று சொல்லிவிடுங்கள். பழியை என்மேலேயே போடுங்கள், பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரம் போக வேண்டும். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு நான் வரவில்லை, பார்த்துவிட்டு வரலாம். இடது பக்கத்து சீட்டில் உட்காரமாட்டேன் என்று சொன்னேன், சொன்னது சொன்னதுதான். அங்கே நீங்கள் உட்காருங்கள். பழத்தட்டையும் நீங்களே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கைப்பிடி. நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

சிந்தாமணி